கூடத்து டி.வி.யும் மொட்டை மாடியும்



ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் கிரகப்பிரவேசப் பத்திரிகைகள் வரிசையாக வரத் தொடங்கிவிட்டன. பெரும்பாலும் அடுக்குமாடி வீடுகள்தாம். பால் காய்ச்சியாயிற்று, சாமான் இறக்கியாயிற்று, கேஸ் இணைப்புக்கும் மின் இணைப்புப் பெயர் மாற்றத்துக்கும் எழுதிக் கொடுத்தாயிற்று. அடுத்ததாக வீட்டில் எல்லாரும் கேட்பது, டி.வி.க்கு என்ன போடுவது என்பதைத்தான். நம் வாசகர்களும் அதையே கேட்டு எழுதுகிறார்கள். கேபிளா, டிஷ்ஷா, இன்டர்நெட்டே போதுமா? எச்.டி. என்று கூடுதலாகக் கேட்கிறார்களே, கொடுக்கலாமா?

சின்ன விஷயம் என்று இதை நான் ஒதுக்க மாட்டேன். ஒரு வீட்டில் டி.வி. யாருக்காக ஓடுகிறது என்று பாருங்கள். பிள்ளைகளுக்குக் கையில் போன் இருக்கிறது. வேலைக்குப் போகிறவர்கள் இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒரு மணி நேரம் பார்த்தால் பெரிது. பகல் முழுக்க அதன் முன்னே இருப்பவர்கள் அம்மாவும் அப்பாவும், பாட்டியும் தாத்தாவும். ஊரில் திண்ணையும் தெருவும் கோயில் பிராகாரமும் என்று இருந்தவர்கள், நான்காம் மாடிக்கு வந்தபின் வெளியுலகம் என்று பார்ப்பது பெரும்பாலும் அந்தத் திரையைத்தான். ஆனால் எந்தச் சேவை, எந்த பேக் என்று தீர்மானிப்பவர் அலுவலகத்திலிருந்து போனிலேயே பணம் கட்டிவிடுகிற மகனோ மகளோதான். தேர்வு பல வீடுகளில் தவறிப்போவது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம்.

ஆகவே நிறுவனங்களின் விலைப்பட்டியலைத் திறக்குமுன் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வீட்டுப் பெரியவர்களிடம் உட்காருங்கள். காலையில் எந்தச் சேனலில் பக்திப் பாடல், மத்தியானம் எந்தத் தொடர், சாயங்காலம் எந்தச் செய்தி, ஞாயிற்றுக்கிழமை எந்தப் படச் சேனல் என்று கேட்டு எழுதுங்கள். பட்டியல் நீளவே நீளாது. இருநூறு சேனல், முந்நூறு சேனல் என்று விளம்பரம் செய்யும் பேக்குகளுக்கும் அந்தச் சின்னப் பட்டியலுக்கும் உள்ள இடைவெளியில்தான் மாதாமாதம் பணம் போகிறது.

எச்.டி. விஷயத்துக்கு வருவோம். இதில் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். சாதாரண ஒளிபரப்பில் படம் 576 வரிகளால் ஆனது; எச்.டி.யில் 1080 வரிகள். நல்ல பார்வை உள்ள கண்ணும் குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் அந்த வரிகளைப் பிரித்தறிய முடியாது. 32 அங்குல டி.வி.யை எட்டடிக்கு மேல் தள்ளி உட்கார்ந்து பார்த்தால், வரிகளின் எண்ணிக்கையால் மட்டும் வரக்கூடிய வித்தியாசம் கண்ணுக்கு எட்டுவது கடினம். 43 அங்குலத் திரைக்கு அந்த எல்லை பத்தடிச் சொச்சம். 55 அங்குலத்துக்குப் பதிமூன்று அடிக்கும் மேல். நம் ஃபிளாட்களின் கூடத்தில் சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே எட்டிலிருந்து பன்னிரண்டு அடிதான் கிடைக்கும். அப்படியென்றால் எட்டடிக்கு அப்பாலிருந்து பார்க்கும் 32 அங்குல டி.வி.க்கு எச்.டி. கட்டாயமில்லை. கூடத்தில் 43 அங்குலமோ அதைவிடப் பெரியதோ இருந்தால் எச்.டி. எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. 55 அங்குலத்தில் அது இல்லாமல் பார்ப்பது கஷ்டம். பெரிய திரையில் சாதாரணச் சேனலைப் போட்டால் முகங்கள் மெழுகு பூசினாற்போல் தெரிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரே அலைவரிசைக்குள் நிறையச் சேனல்களைத் திணிப்பதற்காக ஒவ்வொன்றையும் இறுக்கிச் சுருக்கி அனுப்புகிறார்கள். கிரிக்கெட்டில் பந்து பறக்கும்போதும், நடன நிகழ்ச்சியில் ஆட்டம் வேகமெடுக்கும்போதும் படம் கட்டம் கட்டமாக உடைவது அதனால்தான்.

பெரியவர்களுக்கு எச்.டி.யால் கிடைக்கும் நிஜமான பயன், திரையின் அடியில் ஓடும் எழுத்துகள். கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள், ஓரளவு மங்கல் உள்ளவர்கள், பெரிய திரையில் தெளிவாக ஓடும் தமிழ் எழுத்தைப் படித்துவிடுகிறார்கள். காது மந்தமானவர்களுக்கு அதன் மதிப்பு இன்னும் அதிகம். ஆனால் அதிலும் ஒரு சிக்கல். சன் டி.வி., கே டி.வி. போன்றவை 2011 இறுதியிலேயே எச்.டி. வடிவத்துக்கு வந்தன, விஜய், ஜீ தமிழ், கலர்ஸ் தமிழ் எல்லாம் 2016 முதல் 2018 வரை ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. நம் செய்திச் சேனல்களில் பெரும்பாலானவையோ இன்னமும் சாதாரண வடிவில்தான் வருகின்றன. எழுத்து அதிகம் ஓடுகிற இடத்திலேயே தெளிவு குறைவாக இருப்பது எனக்கு வருத்தம் தருகிற விஷயம். செய்தி நிறுவனங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எச்.டி.க்குப் பணம் கட்டியும் எச்.டி. பார்க்காத வீடுகள் நிறைய உண்டு. செட்டாப் பாக்ஸுக்கும் டி.வி.க்கும் இடையே மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட பழைய ஏ.வி. ஒயர் போட்டிருந்தால், உள்ளே எச்.டி. பாக்ஸே இருந்தாலும் வெளியே வருவது சாதாரணப் படம்தான். எச்.டி.எம்.ஐ. ஒயர் போட்டிருக்க வேண்டும். பாக்ஸின் செட்டிங்கில் 1080 என்று தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். மாட்டிவிட்டுப் போகிறவர் அவசரத்தில் விட்டுப்போவது இது. இன்று வீட்டுக்குப் போனதும் டி.வி.யின் பின்பக்கம் ஒரு முறை எட்டிப் பாருங்கள்.

இனி அடுக்குமாடிக்கே உரிய பிரச்சினை. தனி வீட்டில் டிஷ் வைப்பது உங்கள் விருப்பம். ஃபிளாட்டில் அது வானத்தையும் பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்து யோசிக்க வேண்டிய காரியம்.

டிஷ் வழியே வரும் டி.டி.எச். சேவைகள் எல்லாமே பூமத்தியரேகைக்கு மேலே ஏறக்குறைய 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிலையாக நிற்பதுபோல் சுற்றும் செயற்கைக்கோள்களிலிருந்து வருகின்றன. ஆனால் எல்லா நிறுவனத்துக்கும் வானத்தில் ஒரே இடம் இல்லை. சென்னையின் தீர்க்கரேகை ஏறக்குறைய 80 டிகிரி கிழக்கு. டாடா ப்ளேயின் கோள்கள் 83 டிகிரியில் இருக்கின்றன. ஆகவே அந்த டிஷ் கிட்டத்தட்ட நேர் தெற்கே பார்க்கும், சற்றே கிழக்கில் சாய்ந்து. சன் டைரக்ட்டும் தூர்தர்ஷனின் இலவசச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷும் பயன்படுத்தும் ஜிசாட்-15 இருப்பது 93.5 டிகிரியில், அந்த டிஷ் தென்கிழக்கை நோக்கும். ஏர்டெல்லுக்கு 108 டிகிரி. அது கிழக்கே இன்னும் திரும்பி நிற்கும். ஒரு சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போய் நின்று பார்த்தால், வெவ்வேறு பெயர் எழுதிய டிஷ்கள் வெவ்வேறு திசையில் முகம் வைத்திருப்பதைக் காணலாம்.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரிந்துகொள்ள வேண்டும். உங்கள் பால்கனி வடக்கையோ மேற்கையோ பார்த்தால், அங்கே டிஷ் வைத்துப் பயனில்லை. எந்தக் கோளும் தெரியாது. சரி, தெற்குப் பார்த்த பால்கனி இருக்கிறது, போதுமா என்றால், அதுவும் நிச்சயமில்லை. நாம் பூமத்தியரேகைக்கு அருகில் இருப்பதால் கோள்கள் நம் தலைக்கு மேலே நன்றாக உயர்ந்து நிற்கின்றன. சென்னையிலிருந்து பார்க்க ஏர்டெல்லின் கோள் 54 டிகிரி உயரத்தில் இருக்கிறது. சன் டைரக்ட்டுக்கு 68 டிகிரி. டாடா ப்ளேக்கு 74. அவ்வளவு நிமிர்ந்து பார்க்க வேண்டிய டிஷ்ஷுக்கு, மேல்மாடி பால்கனியின் தளமே தலைக்கு மேல் மறைப்பாகிவிடும். டெல்லியில் கோள்கள் தாழ்வாகத் தெரிகின்றன. அங்கே பால்கனியில் நன்றாக எடுக்கிற டிஷ், நம் ஊரில் கைப்பிடிக் கம்பிக்கு வெளியே நீட்டி வைத்தால்தான் எடுக்கலாம். அப்படி நீட்டி வைப்பது கீழே நடப்பவர்களுக்கு ஆபத்து. நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆக, பெரும்பாலான ஃபிளாட்களில் டிஷ் போக வேண்டிய இடம் மொட்டை மாடிதான்.

மொட்டை மாடியோ எல்லாருக்கும் பொதுவானது. 1994ஆம் ஆண்டின் பழைய சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் 2022ஆம் ஆண்டுத் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்திலும் அது பொதுப் பகுதிதான். சட்டம் கிடக்கட்டும், அனுபவத்தைப் பேசுவோம். நம் பழைய கட்டடங்களின் மாடித் தளத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துப் போட்டு, அதன் மேல் தட்டோடு பதித்து நீர் இறங்காமல் தடுத்திருப்பார்கள். டிஷ் மாட்ட வருகிறவர் நாலு துளை போட்டு போல்ட் இறக்கிவிட்டுப் போய்விடுகிறார். அந்தத் துளை வழியே ஐப்பசி மழை மெதுவாக இறங்குகிறது. ஒழுகுவது டிஷ் வைத்தவர் வீட்டில் இல்லை. மேல்மாடியில் குடியிருக்கும் வேறொருவர் வீட்டுக் கூரையில். அவர் சுவரில் ஈரம் பூத்து, பெயின்ட் உரிந்து, அசோசியேஷன் கூட்டத்தில் குரல் உயரும்போதுதான் காரணம் தேடத் தொடங்குவார்கள். தளத்தில் துளை போடவே விடாதீர்கள். கைப்பிடிச் சுவரின் பக்கவாட்டில் மாட்டலாம்; அல்லது இரும்புச் சட்டம் வைத்து அதன் மேல் கான்கிரீட் கட்டைகளைப் பாரமாக ஏற்றலாம்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்ததை நகரவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். சரியாகப் பொருத்தாத டிஷ் அப்படிப்பட்ட காற்றில் பறந்து வந்தால் ஆளையே வெட்டும். ஆகவே டிஷ்ஷைப் பொருத்தும்போது நீங்களும் மாடியில் நில்லுங்கள். பயன்படாமல் துருப்பிடித்து நிற்கும் பழைய டிஷ்களையும் மழைக்காலத்துக்கு முன் அசோசியேஷன் கழற்றி இறக்கிவிட வேண்டும்.

நாற்பது வீடு உள்ள கட்டடத்தில் நாற்பது டிஷ் தேவையே இல்லை. ஒரு நிறுவனத்துக்கு ஒரே டிஷ் வைத்து, அதன் சமிக்ஞையைப் பிரித்து எல்லா வீட்டுக்கும் அனுப்பும் ஏற்பாடு நீண்ட காலமாகவே இருக்கிறது. ஒளியிழை வழியே அனுப்பும் முறையும் வந்துவிட்டது; பெரிய வளாகங்களுக்கு அது உகந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி பாக்ஸ், தனிக் கணக்கு; டிஷ் மட்டும் பொது. ஒன்றை மட்டும் அசோசியேஷன் செகரட்டரிகள் கவனத்தில் வைக்க வேண்டும். நிறுவனங்களின் கோள்கள் வெவ்வேறு இடங்களில் இருப்பதால், எல்லா நிறுவனத்துக்கும் ஒரே டிஷ் என்பது நடக்காது. இரண்டு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து இரண்டு பொது டிஷ் வைத்தால் பெரும்பாலானவர்களுக்குத் திருப்தி. கட்டும்போதே டக்ட் வழியாக ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காலிக் குழாய் விட்டு வைக்கச் சொல்லி பில்டரிடம் கேளுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாடிச் சுவரில் கறுப்பு ஒயர்கள் தொங்குவதை ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மழை பெய்தால் டிஷ் எடுக்காது என்று எல்லாரும் சொல்வதில் உண்மை இருக்கிறது. டி.டி.எச். அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான். கனமழையின் துளிகள் அதை உறிஞ்சியும் சிதறடித்தும் பலவீனமாக்கிவிடும். பெருமழை ஓய்ந்ததும் தானாக வந்துவிடும். தூறலுக்கே போய்விடுகிறது என்றால் குற்றம் மழையிடம் இல்லை. டிஷ் சற்றுத் திரும்பியிருக்கும், அல்லது கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும். மார்ச்சிலும், செப்டம்பர் கடைசி அக்டோபர் தொடக்கத்திலும் சில நாள்கள், நல்ல வெயிலில் சில நிமிடம் படம் போனால் பயப்பட வேண்டாம். சூரியன் கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்பதால் ஏற்படுவது அது. டெக்னீஷியனைக் கூப்பிட்டுப் பணம் கொடுக்காதீர்கள்.

டி.டி.எச்.சை நம்பியவர்கள் மழை அல்லாத காரணத்தாலும் ஒரு முறை தவித்ததுண்டு. 2010 ஜூலையில், சன் டைரக்ட் அப்போது பயன்படுத்திய இன்சாட்-4பி கோளின் மின்சக்தியில் கோளாறு ஏற்பட்டுப் பாதி இயக்கம் நின்றுபோக, அந்த நிறுவனம் வேறு கோளுக்கு மாறியது. வீடு வீடாக டிஷ்களைத் திருப்பி வைக்க வேண்டியிருந்தது. கேபிள் வைத்திருந்தவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

கேபிளைப் பழைய காலத்துச் சரக்கு என்று ஒதுக்குவது நியாயமில்லை. கேபிள் நிறுவனங்களின் தலைமை நிலையத்தில் பெரிய டிஷ்கள் இருக்கின்றன. மழை அதிகம் பாதிக்காத அலைவரிசையில் சேனல்களை வாங்கித் தருகிறார்கள். எல்லாவற்றையும்விட, கேபிள்காரர் நம் தெருக்காரர். படம் போய்விட்டது என்று பாட்டி போன் செய்தால், எண் ஒன்றை அழுத்தவும், எண் இரண்டை அழுத்தவும் என்று யாரும் அவரை அலையவைப்பதில்லை. "வர்றேம்மா" என்ற பதில் வருகிறது. தனியாக வாழும் முதியவர்களுக்கு அந்த ஒரு காரணத்துக்காகவே நான் கேபிளைச் சொல்வேன். அதன் குறைகளும் உண்டு. தெருவில் கரண்ட் போனால் வழியில் உள்ள ஆம்ப்ளிஃபயரும் நின்று, உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் படம் வராது. பழைய கட்டடங்களில் ஒரே ஒயரை ஸ்ப்ளிட்டர் மேல் ஸ்ப்ளிட்டர் போட்டுப் பிரித்திருப்பார்கள். கடைசி வீட்டுக்குப் போவதற்குள் சமிக்ஞை இளைத்துவிடும். எச்.டி. பாக்ஸ் தருகிறாரா, பட்டியலில் எழுதிய சேனல்கள் எச்.டி.யில் கிடைக்குமா என்பதையும் அவரிடமே நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்டர்நெட் வழி டி.வி. வசதியானதுதான். ஃபைபர் இணைப்பு ஏற்கெனவே இருக்கிற வீட்டில் டிஷ்ஷும் வேண்டாம், மாடியும் வேண்டாம். எச்.டி. படத்துக்கு விநாடிக்கு 5 மெகாபிட் வேகம் போதும். ஒரு மணி நேரத்துக்கு 3 ஜி.பி. வரை செலவாகும். பகல் முழுக்க டி.வி. ஓடுகிற வீட்டில் மாதக் கடைசியில் அந்த அளவு எங்கே போய் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிரிக்கெட் ரசிகர்களுக்கு ஒரு சங்கடம்: ஆப் வழியே வரும் நேரலை சில விநாடி பிந்தி வரும். கீழ்வீட்டில் கேபிள் பார்ப்பவர் கத்திய பிறகுதான் உங்கள் திரையில் சிக்ஸர் போகும். என்னுடைய தயக்கம் வேறு. ஆப்பைத் திறந்து, பெயரைத் தேர்ந்து, விளம்பரம் கடந்து, பாஸ்வேர்டு கேட்டால் திகைத்து நிற்கும் ஒரு பெரியவரின் முகம் என்னை வருத்துகிறது. எண்ணை அழுத்தினால் சேனல் வர வேண்டும். அப்படிப்பட்ட ரிமோட் அந்தச் சேவையில் உண்டா என்று பார்க்காமல், வீட்டில் இருக்கிற கேபிளையோ டிஷ்ஷையோ துண்டிக்க வேண்டாம்.

இனி பணம். 2003 செப்டம்பரில் நாட்டிலேயே முதலில் சென்னையில்தான் கட்டணச் சேனல்களுக்கு செட்டாப் பாக்ஸ் கட்டாயம் என்று வந்தது. அந்தக் குழப்பம் அன்றைய குடும்பத் தலைவிகளுக்கு நினைவிருக்கும். 2019 பிப்ரவரி முதல், பார்க்கிற சேனலுக்கு மட்டும் விலை கொடுத்தால் போதும் என்ற முறையைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்தது. முதல் நூறு சேனலுக்கு அடிப்படைக் கட்டணம் அதிகபட்சம் 130 ரூபாயும் அதன் மேல் 18 சதவீத வரியும். கட்டணச் சேனல்களின் விலை அதற்கு மேல். அடுத்த ஆண்டுத் திருத்தத்தில் அதே 130 ரூபாய்க்கு 200 சேனல் என்றார்கள். 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பே நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே அடிப்படைக் கட்டணம் எவ்வளவு, இரண்டாவது டி.வி.க்கு எவ்வளவு, பொருத்துவதற்கும் பழுது பார்க்க வருவதற்கும் எவ்வளவு என்று இப்போது ஒவ்வொன்றையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே சேனலின் சாதாரண வடிவமும் எச்.டி. வடிவமும் ஒரே பேக்கில் இருக்கக் கூடாது என்பது விதி. ஆனால் இரண்டு மூன்று பேக்குகளைச் சேர்த்து எடுக்கும்போது இரண்டுக்கும் பணம் கட்டிக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. பட்டியலைத் திறந்து ஒன்றை நீக்குங்கள். முன்பு எழுதிய தாளை வைத்துத் தனித்தனியாகச் சேனல் எடுத்தால் என்ன வருகிறது, பேக் எடுத்தால் என்ன வருகிறது என்று இரண்டையும் கூட்டிப் பாருங்கள். சில சமயம் பேக் மலிவாகவே இருக்கும். அப்போது அதையே எடுத்துக்கொள்ளலாம்.

கட்டணமே வேண்டாம் என்பவர்களுக்கு 2004 டிசம்பரிலிருந்து தூர்தர்ஷனின் இலவச டிஷ் இருக்கிறது. தனியார் தமிழ்ச் சேனல்கள் அதில் குறைவு. தொடர் பார்ப்பவர்களுக்குப் போதாது. டிடி தமிழும் வானொலியும் கிடைத்தால் போதும் என்பவர்களுக்கு நிறைவாக இருக்கும்.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு நிறுவனத்தின் பாக்ஸ் இன்னொரு நிறுவனத்துக்கு உதவாது என்பதே இன்றும் நடைமுறை. அதனால் ஆண்டுச் சந்தா ஒரேயடியாகக் கட்டுமுன், அந்த வீட்டில் ஓராண்டு இருப்போமா என்று யோசியுங்கள். வீடு மாறும்போது டிஷ்ஷைக் கழற்றி மாட்டும் செலவு, பாக்ஸ் உங்கள் சொந்தமா நிறுவனத்துடையதா என்ற விவரம், ரசீதில் யார் பெயர் இருக்கிறது என்பது, இவை மூன்றையும் முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் குடியிருப்பில் பொது டிஷ் வைத்திருக்கிறீர்களா? எத்தனை வீடு, எந்த வகை இணைப்பு, செலவை எப்படிப் பங்கிட்டீர்கள், மாடி ஒழுகல் குறைந்ததா என்று எழுதுங்கள். மழை தொடங்குவதற்கு முன் வரும் இதழில், உங்கள் கடிதங்களை மற்ற அசோசியேஷன்களுக்குப் பயன்படும்படி இரண்டு பக்கத்துக்கு வெளியிட விரும்புகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்